அட்டையில் எழுதியிருந்த காரணம்

திங்கட்கிழமை காலை நம் லைன் சூப்பர்வைசர் தேவராஜ் சார் ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். பயிற்சி அறைக்குப் பெயின்ட் அடிக்கிறார்களாம், சுவரில் மாட்டியிருந்ததையெல்லாம் கழற்றி அதில் போட்டிருக்கிறார்கள். திறந்ததும் மேலாகவே உன்னுடையது கிடந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் கனெக்டர். அதன் முதுகிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிய கம்பிகள். அவற்றில் ஒரு மஞ்சள் கம்பி மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. கையில் எடுத்தேன். நாள் முழுக்க நம் விரலில் ஒட்டியிருக்குமே, சோறு பிசையும்போதுகூட அடிக்குமே, அந்த ரப்பர் வாசனை இன்னும் போகவில்லை.

கூடவே அந்த அட்டையும் இருந்தது. குறை: பித்தளைப் பின் பூட்டவில்லை. காரணம்: ஆபரேட்டருக்குக் காது கேட்காததும், அதை மறைத்ததும்.

"எழுத்து வெளுத்துப்போச்சும்மா. புச்சா ஒண்ணு எழுதி வச்சிடு. வியாழக்கிழமை புது பேட்ச் வருது, அதுக்குள்ள மாட்டணும்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். நான் ஸ்கெட்ச் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குறை என்ற வரியை எழுதிவிட்டேன். காரணம் என்று எழுதி இரண்டு புள்ளி வைத்ததோடு கை நின்றுவிட்டது. இந்தக் கம்பெனியில் உன்னைப் பற்றி மிச்சம் இருப்பது அந்த ஒரு வரிதான். அது முழு உண்மை இல்லை என்பது இங்கே என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அதை மறுபடி என் கையாலேயே எழுதி, மறுபடி அதன் பக்கத்தில் நின்று வகுப்பு எடுக்க வேண்டும். பேனா காய்ந்துபோகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நம் வேலை என்ன என்று கேட்பவர்களுக்கு உன்னைப்போல யாராலும் சொல்ல முடியாது. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ஷேர் ஆட்டோ ஓட்டும் உன் வீட்டுக்காரரே ஒரு தடவை கேட்டார், அப்படி அங்கே என்னதான் செய்கிறீர்கள் என்று. கம்பெனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த இடத்திலேயே நீ அவருக்குப் பாடம் எடுத்தாய். "இன்ஜினுக்கு ஒரு கம்ப்யூட்டரு இருக்குல்லா, அதுதான் வண்டிக்கு மூளை. புது மூளைய மாட்டி ஓட்டிப் பாக்கணும்னா வண்டியில உள்ள பழைய நரம்பு அதுல சேராது. நடுவுல ஒரு நரம்புக்கட்டு செஞ்சு குடுக்கோம். அடாப்டருன்னு பேரு. நாங்க இல்லன்னா மூளை ஒரு பக்கம், ஒடம்பு ஒரு பக்கம்." அவர் உன் தலையைப் பார்த்து, "இங்கியும் அப்பிடித்தான் கீது" என்றார். நீ குடையால் அவரை அடித்தாய்.

ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் ஒரு சின்னப் பித்தளைப் பின்னை மிஷின் கவ்விவிட்டிருக்கும். அதைக் கனெக்டரில் அதற்கான ஓட்டையில் தள்ள வேண்டும். சரியாக உட்கார்ந்தால் உள்ளே இருக்கும் நாக்கு பின்னைப் பிடித்துக்கொள்ளும், டிக் என்று கேட்கும். அப்புறம் மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். தள்ளு, கேள், இழு என்று ஒவ்வொரு மேஜைக்கு மேலும் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். மூன்றில் கேட்பதுதான் உயிர். ஏனென்றால் ஓட்டையின் வாயில் ரப்பர் இருக்கிறது. பாதி உட்கார்ந்த பின்னையும் அது இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், இழுத்தால் வராது. நம் சோதனைப் பெட்டியிலும் பல நேரம் பச்சை விளக்கு எரிந்துவிடும். வண்டி ஓடி ஆட்டம் கண்ட பிறகுதான் பின் கழன்று பின்வாங்கும்.

நீ என் பக்கத்து ஸ்டூலுக்கு வந்த நாளில் உன்னை எனக்குப் பிடிக்கவில்லை. நான் பென்னலூர்க்காரி. எங்கள் ஊர் நிலத்தில் எழுந்த கம்பெனிகளில் தெற்கத்திக்காரர்கள் பஸ் பஸ்ஸாக வந்து உட்காருகிறார்களே என்று எனக்கு ஒரு எரிச்சல் உண்டு, அதை மறைக்கவும் தெரியாது. நீ என்னைப் பார்த்து, "ஏட்டி, நவுந்து உக்காரேன்" என்றாய். "இன்னாடி, வந்ததும் வராததுமா ஏட்டி கீட்டின்ற?" என்று சண்டைக்குப் போனேன். உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் ஊரில் அது செல்லமாகக் கூப்பிடுவது என்று நீ சொல்லி நான் நம்புவதற்கு ஒரு வாரம் ஆயிற்று. அதற்குள் என் சாப்பாட்டு டப்பாவில் உன் கருவாட்டுக் குழம்பு பாதி வந்துவிட்டது. அதன் பிறகு நாம் தனியாகச் சாப்பிட்டதில்லை.

உனக்குக் காது கேட்காது என்று தெரிய ஏறக்குறைய ஒரு வருடம் ஆயிற்று. அன்றைக்கு யாரோ பின் டப்பாவை உனக்குப் பின்னால் கொட்டிவிட்டார்கள். ஆயிரக்கணக்கான பின்கள் டைல்ஸ் தரையில் கொட்டிய சத்தத்துக்கு ஷெட்டே திரும்பிப் பார்த்தது. நீ மட்டும் குனிந்து கம்பி செருகிக்கொண்டிருந்தாய். டீ நேரத்தில் உன்னை ஒதுக்குப்புறமாக இழுத்துப் போய், "உனக்குக் காது கேக்காதா?" என்று கேட்டேன். நீ என் உதட்டையே பார்த்தாய். "ஒன் வாய் மட்டும் நல்லாக் கேக்கு" என்றாய். நான் விடவில்லை. அப்போதுதான் சொன்னாய், இதற்கு முன் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் இருந்தபோது அந்த இரைச்சலில் இடது காது போயிற்று, வலது காதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று. பேச்சு கேட்கும், ஆள் எதிரே நின்றால். டிக் மாதிரிச் சின்னச் சத்தமெல்லாம் என்றைக்கோ நின்றுவிட்டது. "கேக்காதுன்னு சொன்னா நாளைக்குக் கம்பெனி கேட்டுக்குள்ள விடுவானா? சொல்லிராதட்டி."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. லைனிலேயே குறை இல்லாத கை உன்னுடையது. சத்தம் கேட்காமல் எப்படி என்று கேட்டதற்கு நீ உன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் என் முன்னால் நீட்டினாய். பின் உட்காரும்போது கம்பி வழியாக ஒரு சின்னத் துடிப்பு விரலுக்கு வரும் என்றாய். என் கையைப் பிடித்து, ஒரு கழிவுக் கனெக்டரில் தள்ளச் சொல்லி, "இப்பத் தெரியுதா? இப்ப?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். எனக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை. எனக்குக் காது இருந்தது, அதனால் விரலுக்கு வேலை இல்லாமல் போயிருந்தது.

பிறகு ஆடிட் வந்தது. விரல் வியர்வை பட்டுப் பின் கறுக்கிறது, இனி எல்லாரும் கையுறை போட வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார்கள். மறுநாளே வந்து இறங்கிற்று, உள்ளங்கையில் பசை பூசிய வெள்ளைக் கையுறை. எங்களுக்கு அது வெறும் புழுக்கம். உனக்குத்தான் பேஜாராகிப்போயிற்று. நீ தேவராஜ் சாரிடம் போய், "ரெண்டு வெரலு மட்டும் வெட்டிக்கிடட்டுமா சார்?" என்று கேட்டாய். எதற்கு என்று கேட்டார். உன்னால் சொல்ல முடியவில்லை. "ஆடிட்ல மாட்டிகினா என் கழுத்துதாம்மா போவும்" என்று அனுப்பிவிட்டார். அந்த வாரத்திலேயே உன் இருக்கை எண் போட்ட மூன்று கனெக்டர்கள் சோதனை மேஜையிலிருந்து திரும்பி வந்தன. நீ அன்று சாப்பிடவில்லை.

முழங்கால் யோசனை என்னுடையது. அதை நான் யார் தலையிலும் கட்ட முடியாது. உன் வலது முழங்காலும் என் இடது முழங்காலும் மேஜைக்கு அடியில் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டுதான் இருக்கும், இடம் அவ்வளவுதான். "நீ தள்ளு. சத்தம் கேட்டா நான் ஒரு தட்டு தட்டறேன். தட்டலன்னா மறுபடி தள்ளு" என்றேன். நீ யோசித்தாய். "ஒனக்கு வேலை கெடும்லாட்டி?" என்றாய். "அத நான் பாத்துக்கறேன், நீ சும்மா இரு" என்றேன், பெரிய இவள்போல.

கொஞ்ச நாள் அது அழகாக நடந்தது. நீ தள்ளுவாய், நான் தட்டுவேன், நீ இழுத்துப் பார்ப்பாய். மேலே பார்த்தால் இரண்டு பேரும் தனித்தனியாக வேலை செய்வதுபோல இருக்கும். ஒரு அடாப்டருக்கு அறுபதுக்கு மேல் பின். ஒரு நாளைக்கு எத்தனை தட்டு தட்டியிருப்பேனோ, ராத்திரி படுத்தால் முட்டி வலிக்கும். அப்புறம் உன் சீட்டுக்கு ஒரு கனெக்டரும் திரும்பி வரவில்லை. பஸ்ஸில் இறங்கும்போது என் முழங்காலைத் தடவிக் கொடுத்து, "இது என் காது, பத்திரமா வச்சுக்கோ" என்பாய். பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

ஆனால் உன் சத்தத்துக்குக் காது கொடுக்க வேண்டுமென்றால் என் கையை நிறுத்த வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு நொடி. நாளெல்லாம் சேர்ந்தால் நான் பின்தங்கிப் போவேன். அப்போது காண்ட்ராக்டில் இருந்த சிலரைப் பர்மனென்ட் செய்யப்போகிறார்கள் என்று பேச்சு. அந்தப் பட்டியலில் என் பெயரும் இருந்தது. ஆறு வருடமாக நான் காத்திருந்தது அதற்குத்தான். ஒரு நாள் காலை தேவராஜ் சார் எல்லார் முன்னாலும் என்னைப் பிடித்துக்கொண்டார். "லைன்ல நீதான் ஸ்லோ. லிஸ்ட்ல பேரு கீதுன்னு நெனப்பா? அடிச்சுட ஒரு நிமிஷம் ஆவாது." எனக்கு முகம் கொதித்தது. கோபத்தை அவர்மேல் காட்ட முடியுமா. தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் உன்மேல் காட்டினேன். "நீ கேக்கறதுக்கோசரம் என் வேலையும் போவணுமா? நான் இன்னா உனக்குக் காது வாடகைக்கு வுட்டுகினு கீறேனா?" என்றேன். நீ என் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். எல்லாம் புரிந்திருக்கும். பாட்டிலை நிரப்பிக்கொண்டு நடந்தாய்.

அன்று மதியம் நான் என் கையை நிறுத்தவில்லை. உன் கை தள்ளுவது ஓரக்கண்ணில் தெரியும் அல்லவா, அது தள்ளியதும் தட்டினேன். கேட்டுத் தட்டவில்லை. பார்த்துத் தட்டினேன். எத்தனை பின்னுக்கு அப்படிச் செய்தேன் என்று எனக்குத் தெரியாது. எல்லாம் உட்கார்ந்திருந்தன, அந்த மஞ்சள் கம்பியைத் தவிர. சாயங்காலம் என் கணக்கு எல்லாரையும்விட அதிகம். தேவராஜ் சார் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

ஒரு மாதத்துக்குள் அந்தக் கனெக்டர் திரும்பி வந்தது. சோதனைக்கு ஓட்டிய வண்டி நடுச்சாலையில் இன்ஜின் அணைந்து நின்றுவிட்டதாம். நல்லவேளையாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உன் இருக்கை எண் ஒட்டியிருந்தது. தேவராஜ் சார் நம் மேஜைக்கே வந்தார். கனெக்டரை உன் முன்னால் வைத்தார்.

"இழுத்துப் பாத்தியாம்மா?"

"பாத்தேன் சார்."

"கிளிக் கேட்டியா?"

நான் ஒரு கட்டுக் கம்பியை எடுத்து நிறம் பிரிக்க ஆரம்பித்தேன். பிரித்த கம்பிகளையே மறுபடி பிரித்துக்கொண்டிருந்தேன். கேட்டேன் என்று நீ சொல்லியிருக்கலாம். பிறகு துருவியிருப்பார்கள், முழங்கால் தட்டிய விஷயமும் வெளியே வந்திருக்கும். நீ சொன்னாய்:

"கேக்கல சார். எனக்குக் காது கேக்காது. ரொம்ப நாளாவே."

அவர் அசந்துபோய் நின்றார். "அப்ப இத்தினி நாளா எப்பிடிம்மா வேலை செஞ்ச?"

"வெரல்ல தெரியும் சார். கையுறை போட்ட பெறவு சரியாத் தெரியல." அவ்வளவுதான் நீ சொன்னது. என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேன் என்று என்னையே நான் பல நாள் ஏமாற்றிக்கொண்டேன். திறந்திருக்க மாட்டேன்.

திட்டு இல்லை, சண்டை இல்லை. காண்ட்ராக்டரிடம் சொல்லி நாளையிலிருந்து வேறு ஆள் அனுப்பச் சொல்லிவிட்டார்கள். நம் பக்கத்தில் அது அப்படித்தான் நடக்கும். பாவம்தான், நான் என்ன செய்ய முடியும் என்று தேவராஜ் சாரும் சொன்னார். அடையாள அட்டையைக் கேட்டில் கொடுத்துவிட்டு நீ வெளியே நின்றாய். நான் ஓடி வந்தேன். "எதுக்குட்டி ஓடியார? லைன் நிக்கும், போ" என்றாய். அடுத்த மாதம் எனக்குப் பர்மனென்ட் ஆர்டர் வந்தது. வீட்டில் கேசரி செய்தார்கள். நான் ஒரு வாய்கூட வைக்கவில்லை, வயிறு சரியில்லை என்றேன்.

அதன் பிறகு நீ ஒரு பேக்கிங் கிடங்கில் அட்டைப் பெட்டி மடிக்கப் போனாய். உன் அந்த விரல்களுக்கு அட்டைப் பெட்டி. படப்பையில் உன் வீட்டைத் தாண்டித்தான் நம் பஸ் போகும். முதலில் வாரம் ஒரு தடவை இறங்கினேன், பிறகு மாதம் ஒரு தடவை, பிறகு ஜன்னல் பக்கம் உட்காருவதையே விட்டுவிட்டேன். இங்கே என்னைப் புதுப் பெண்களுக்கு வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். சுவரில் குறைத் துண்டுகளை வரிசையாக மாட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை எழுதி வைத்தார்கள். உன்னுடையது நான்காவது. "ஒருத்தங்க காது கேக்காததை மறைச்சு வேலை செஞ்சாங்க, அதனால வண்டி ரோட்டுல நின்னுபோச்சு" என்று வாய் கூசாமல் ஐந்து பேட்ச்சுக்குச் சொல்லியிருக்கிறேன். பெண்கள் உச்சுக் கொட்டுவார்கள். நான் ஐந்தாவது துண்டுக்கு நகர்ந்துவிடுவேன்.

பிறகு உனக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். அறுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், முடி போயிற்று. மிச்சமிருந்த காதும் பெரும்பாலும் போயிற்று. ஆடி மாதம் நீ போய்ச் சேர்ந்தாய். நாலு மாதம் ஆகிறது. நீ போன பிறகு வரும் முதல் பேட்ச் இது.

புதன்கிழமை மதியம்வரை அட்டையில் காரணத்துக்கான இடம் வெறுமையாகவே இருந்தது. கடைசியில் எழுதினேன். காரணம்: பின் பூட்டியது என்று பக்கத்து இருக்கையில் இருந்தவர் சத்தம் கேட்காமலே சொன்னது. எழுதி முடித்துத் தேவராஜ் சாரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"யாரு பக்கத்து சீட்டு?"

"நான்தான் சார்." முழங்கால் தட்டியதையெல்லாம் சொன்னேன்.

அவர் அட்டையை மேஜைமேல் வைத்தார். "இப்ப இன்னாத்துக்கும்மா இது? அந்தம்மாவே போய்ச் சேந்துட்டாங்க" என்றார்.

"அதனாலதான் சார்."

"மேல போச்சின்னா உனக்கு மெமோ குடுப்பாங்க. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"குடுத்தா வாங்கிக்கறேன் சார்."

அட்டையை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். கதவுவரை போன என்னைக் கூப்பிட்டு, "எழுத்து சின்னதா கீது. பின்னாடி நிக்கறவங்களுக்குத் தெரியாது. பெரிசா எழுதிக்கோ" என்றார். வேறு அட்டை எடுத்துப் பெரிதாக எழுதினேன். மெமோ இன்னும் வரவில்லை. வரலாம்.

நேற்று வகுப்பு. பதினெட்டுப் பேர். நான்காவது துண்டுக்கு வந்ததும் கையில் எடுத்துக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். உன் விரல் எப்படிப்பட்டது என்று சொன்னேன். கையுறையைச் சொன்னேன், தட்டியதைச் சொன்னேன், கம்பி பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். யாரும் உச்சுக் கொட்டவில்லை. என் வயது இருக்கும் ஒரு பெண், சுங்குவார்சத்திரத்துப் பக்கமாம், கையைத் தூக்கினாள். "அந்த அக்காவுக்கு இது தெரியுமா மேடம்? நீங்க கேக்காம தட்டுனது?"

"தெரியும். நானே போய்ச் சொன்னேன்" என்றேன். ஐந்தாவது துண்டுக்கு நகர்ந்துவிட்டேன்.

சொன்னேன் என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். அதற்கு முன் மூன்று தடவை உன் வீட்டுக்கு அதற்காகவே வந்து சொல்லாமல் திரும்பியிருக்கிறேன். உன்னிடம் எதையும் மெல்லச் சொல்ல முடியாது. உதட்டைப் பார்க்கவும் அப்போது உனக்குத் தெம்பு இல்லை, கண் சொருகிச் சொருகிப் போகும். காதோரம் வாயை வைத்துக் கத்தினால்தான் உண்டு. வரிசை வீடு. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். என் பாவத்தை ஒரு தெருவே கேட்கும்படி கத்த எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஆப்பிளை வைத்துவிட்டு, போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்துவிடுவேன்.

நாலாவது தடவை, ஞாயிற்றுக்கிழமை, உன் வீட்டுக்காரர் அடுப்பங்கரையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தார். உன் வலது காதில் வாயை வைத்துக் கத்தினேன். "அன்னிக்கு நான் கேக்காமலே தட்டினேன். உன் வேலை என்னாலதான் போச்சு." உனக்குப் பாதிதான் எட்டிற்று. "என்னது?" என்றாய். மறுபடி கத்தினேன். பக்கத்து வீட்டு டிவி நின்றது. அடுப்பங்கரையில் பாத்திரச் சத்தம் நின்றது. மூன்றாவது தடவை கத்தும்போது நான் அழுதுகொண்டிருந்தேன். உன் வீட்டுக்காரர் இரண்டு டம்ளர் காப்பியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் வாசலுக்குப் போய் நின்றார்.

நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். உனக்குக் கோபம் இல்லை. இத்தனை சின்ன விஷயத்துக்கா இப்படிக் கத்தினாய் என்பதுபோலத்தான் இருந்தது முகம்.

"தெரியும்ட்டி" என்றாய். "அந்த மஞ்சக் கம்பிதான? உக்காரலன்னு கையுறைக்குள்ளயும் வெரலுக்குத் தெரிஞ்சுது. இன்னொருக்கத் தள்ளலாம்னுதான் நெனச்சேன். நீ தட்டிட்ட." கொஞ்சம் மூச்சு வாங்கினாய். "ஒன் காத விட என் வெரலு பெருசாட்டி? சரியாத்தான் இருக்கும்னு அடுத்த கம்பிய எடுத்துட்டேன். சவத்த விடு. காப்பி ஆறுது."

அந்தப் பெண்ணிடம் இதை மட்டும் நான் சொல்லவில்லை. உன் வேலையைக் கெடுத்ததைப் பதினெட்டுப் பேர் முன்னால் சொல்ல முடிந்தது. இத்தனை வருடம் தப்பாத உன் விரலை, என் ஒரு தட்டுக்காக நீயே நம்பாமல் விட்டாய் என்பதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.